கொள்கைக் குழுவைப் புதிய இலக்கவியல் கருவிகளுக்கு இணங்க வைப்பது எப்படி?

நிலவேம்பு, கோலாலம்பூர்:

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் பொதுக் கொள்கைக் குறிப்புகளைத் தயாரிக்கும் ஒரு சிறு குழுவில் ஆய்வாளராக இருக்கிறேன். வறுமை, தொடக்கக் கல்வி, வேலைவாய்ப்பு ஆகியவை பற்றித்தான் பெரும்பாலும் எழுதுகிறோம். எங்கள் குறிப்புகள் புத்ராஜெயாவில் உள்ள அமைச்சுகளுக்குப் போகின்றன.

எங்கள் வேலை நடக்கும் முறையைச் சொன்னால்தான் என் கேள்வி விளங்கும். குழுவின் தலைவியை நாங்கள் புவான் (மலாயில் 'அம்மையார்') என்றே அழைப்போம். அவர் ஒவ்வொரு வரைவையும் அச்செடுத்துச் சிவப்பு மையால் திருத்துவார். ஓரத்தில் கேள்விகளை எழுதுவார். ஒருவர் அதைத் தட்டச்சு செய்வார். அட்டவணைகள் எக்செல் கோப்புகளாகப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் சுற்றி வரும். கடைசியாகத் திருத்திய கோப்பு யாரிடம் இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். ஓர் எண் எந்த அறிக்கையிலிருந்து வந்தது என்று அமைச்சு அதிகாரி கேட்டால், அதை முதலில் சேர்த்தவரைத் தேட வேண்டியிருக்கிறது. அவர் வேலையை விட்டுப் போயிருந்தால் தேடல் அத்தோடு நின்றுவிடும்.

மாற்ற வரலாறு தானாகவே பதிவாகும் பகிர்வு ஆவணம், மேற்கோள்களைச் சேமிக்க ஸோட்டெரோ, புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோசம் தளத்திலிருந்து தரவை நேரே எடுத்துக் கணக்கிட 'ஆர்' (R) என்னும் புள்ளியியல் கணினி மொழியில் எழுதிய நிரல் ஆகிய மூன்றையும் கூட்டத்தில் முன்வைத்தேன். எவரும் மறுக்கவில்லை. நல்ல யோசனை, பிறகு பார்க்கலாம் என்றார்கள். அதன் பின் அந்தப் பேச்சே எழவில்லை. என் சக பணியாளர்கள் உழைப்புக்கு அஞ்சுகிறவர்கள் அல்லர். ஒரு பரிந்துரையை எந்தச் சொல்லால் எழுதினால் அமைச்சில் அது நிற்கும் என்பதை அவர்களிடம்தான் கற்றேன். அவர்களைப் புண்படுத்தாமல் இணங்க வைக்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

தரவுத்தறி, பாயான் லெப்பாஸ்:

வணக்கம் நிலவேம்பு. மூன்று கருவிகளை ஒரே கூட்டத்தில் வைத்ததால் அவர்கள் கண்ணுக்குக் கூடுதல் வேலைதான் தெரிந்திருக்கும். கொள்கைக் குறிப்பில் கையொப்பமிடுகிறவரின் பெரிய கவலை, அதில் உள்ள ஓர் எண் தவறு என்று வெளியாள் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதுதான். அந்தக் கவலைக்கு விடை தரும் ஒரு கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் குழு நாள்தோறும் கையாளும் ஓர் எண்ணிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

வறுமை விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். 2016-ஆம் ஆண்டுக்கு 0.4 விழுக்காடு என்று அக்கால அறிக்கைகளில் இருக்கும். 2019-ஆம் ஆண்டுக்கு 5.6 விழுக்காடு. இவ்விரண்டையும் ஓர் அட்டவணையில் அடுத்தடுத்து வைத்தால், மூன்றே ஆண்டுகளில் நாட்டில் வறுமை பதினான்கு மடங்கு பெருகிவிட்டதாகப் படிப்பவர் முடிவு செய்வார். உண்மையில், 2020 ஜூலையில் வறுமைக் கோட்டு வருமானத்தைக் கணக்கிடும் முறை திருத்தப்பட்டு, ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட்டாக இருந்த கோடு 2,208 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. புதிய முறையில் கணக்கிட்டால் 2016-இன் விகிதமே 7.6 விழுக்காடு, ஆகவே 2019-க்குள் வறுமை குறைந்திருக்கிறது. 2022-இல் கோடு 2,589 ரிங்கிட், விகிதம் 6.2 விழுக்காடு. எண்ணோடு அதன் ஆண்டையும் கணக்கிட்ட முறையையும் ஒட்டிவைக்காத குழு, நல்ல நோக்கத்தோடேயே நேர் எதிரான பரிந்துரையை எழுதி அனுப்பக்கூடும். இதைப் புவானிடம் காட்டினால் கருவியின் பெயரைச் சொல்வதற்கு முன்பே அவர் கவனிப்பார்.

அடுத்து, உங்கள் புலனக் குழுவில் சுற்றும் எக்செல் கோப்பைத் திறந்து வயதுப் பிரிவுத் தலைப்புகளைப் பாருங்கள். நம் ஊர்த் தேதி அமைப்புள்ள கணினியில் 7-9 என்று தட்டினால் அது 7 செப்டம்பர் ஆகிவிடும். 10-12 என்பது 10 டிசம்பர் ஆகிவிடும். தமிழ்ப்பள்ளி மாணவர்களை வயதுவாரியாகப் பிரிக்கும் எந்த அட்டவணையும் இதில் சிக்கும். பட்டியலில் அடையாள அட்டை எண் இருந்தால் அதையும் பாருங்கள். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் சுழியத்தில் தொடங்குவதால், முன்கூட்டியே அந்தப் பத்தியை எழுத்து வடிவத்துக்கு மாற்றாவிட்டால் எக்செல் சுழியத்தை நீக்கிவிடும். பன்னிரண்டு இலக்க எண் பதினொன்றாகவோ அதற்கும் குறைவாகவோ சுருங்கும். இரண்டு பட்டியல்களை இணைக்கும்போது அந்த வயதினர் மட்டும் எவருக்கும் தெரியாமல் விடுபடுவார்கள். எஸ்பிஎம் என்னும் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் பலர் இந்த வயதினர்தான். அவர்களுக்காக எழுதும் குறிப்பிலேயே அவர்கள் காணாமற்போவதை நாம் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

இது சிறு குழுக்களுக்கு மட்டும் நேர்வது என்று யாராவது சொன்னால், 2020-இல் இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்லுங்கள். பொதுச் சுகாதார அமைப்பு பழைய எக்செல் கோப்பு வடிவத்தைப் பயன்படுத்தியது. அந்த வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. செப்டம்பர் இறுதிக்கும் அக்டோபர் தொடக்கத்துக்கும் இடையே 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் தாமதமாயிற்று.

பழையகோப்பு, செந்தூல்:

நான் கூட்டரசுப் பணியில் நீண்ட காலம் இருந்து ஓய்வு பெற்றவன். மேலே எழுதியவர் சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் உங்கள் புவானின் தரப்பிலிருந்தும் ஒருவர் பேச வேண்டும்.

மூத்த அதிகாரிகள் தயங்கினால், கணினி தெரியாததால் தயங்குகிறார்கள் என்று இளையவர்கள் கருதிவிடுகிறார்கள். நான் கண்டவரை, இந்த ஆவணம் யார் பெயரில் இருக்கும், எங்கே இருக்கும், தணிக்கையாளர் கேட்டால் எதை எடுத்துக் காட்டுவேன் என்பவைதான் அவர்கள் மனத்தில் ஓடும் கேள்விகள். அவற்றை அவர்கள் கூட்டத்தில் கேட்பதில்லை. பிறகு பார்க்கலாம் என்று மட்டும் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குள் சட்டம் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டத்தின்படி, காப்பகத் தலைமை இயக்குநரின் எழுத்துமூல அனுமதியின்றிப் பொது ஆவணங்களை அழிக்கக் கூடாது. சிவப்பு மையால் திருத்திய தாள் கோப்பில் இருக்கும் வரை, யார் எதை மாற்றினார் என்பதற்கு அது சான்று. அதை ஓர் இளைய அலுவலரின் சொந்தக் கணக்கில் உள்ள பகிர்வு ஆவணமாக மாற்றிவிட்டு, அவர் விலகியதும் கணக்கு மூடப்பட்டால், சான்றும் போய்விடும்.

1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் இன்னும் கடுமையானது. அமைச்சரவைக்கான ஆவணங்கள் அதன் அட்டவணையிலேயே இடம்பெற்றுள்ளன. சூலிட் (மந்தணம்) என்று முத்திரையிட்ட பக்கத்தைச் சொந்த மின்னஞ்சலிலோ பொதுச் செயலியிலோ ஏற்றியவர்தான் விசாரணைக்குப் போவார். அந்தச் செயலியைப் பரிந்துரைத்தவரை யாரும் கேட்கப் போவதில்லை. தெர்ஹாட் (வரையறுக்கப்பட்டது) முத்திரையையும் இளையவர்கள் எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் வகைப்படுத்தப்பட்ட ஆவணம்தான்.

மற்றொன்று. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தாது. அதனால் தடையில்லை என்று சிலர் பொருள் கொள்கிறார்கள். சட்டத்தின் காவல் இல்லாத இடத்தில்தான் அலுவலர் கூடுதலாகக் காக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அடையாள அட்டை எண் உள்ள எந்தப் பட்டியலும் முயற்சிக் கட்டத்தில் மேகக் கணிமைக்கு ஏறக் கூடாது.

ஆகவே, தகவல் தொழில்நுட்ப அதிகாரிக்கு எழுத்தில் கேள்வி அனுப்பி, எழுத்தில் பதிலைப் பெறுங்கள். எந்தக் கருவியை அலுவலகக் கணினியில் நிறுவலாம், எந்த வகை ஆவணத்தை எங்கே வைக்கலாம் என்ற இரண்டும் அந்தப் பதிலில் இருக்க வேண்டும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு புவானிடம் போங்கள். ஏற்கெனவே வெளியிடப்பட்ட தரவை மட்டும் பயன்படுத்தும் ஒரு குறிப்பில் தொடங்குவதாகச் சொல்லுங்கள். அவர் தோளிலிருந்து பாதிப் பாரம் இறங்கிவிடும்.

நிலவேம்பு, கோலாலம்பூர்:

மிக்க நன்றி ஐயா. இந்தக் கோணத்தை நான் எண்ணிப் பார்த்ததில்லை. தரவுத்தறி அவர்களிடம் ஒரு கேள்வி. எண்ணின் மூலத்தை ஒட்டிவைக்க ஸோட்டெரோ போதுமா, ஆர் நிரலும் தேவையா? நிரல் என்று சொன்னதும் இருவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

தரவுத்தறி, பாயான் லெப்பாஸ்:

முதல் கட்டத்துக்கு ஸோட்டெரோ போதும். அது இலவசம், திறந்த மூல மென்பொருள்; ஆகவே கொள்முதல் விண்ணப்பம் தேவைப்படாது. குழுவுக்குப் பொதுவான நூலகம் ஒன்றை அமைக்கலாம். இலவசச் சேமிப்பு 300 மெகாபைட்தான் என்பதால், அறிக்கைகளின் பெரிய பிடிஎஃப் கோப்புகளை அலுவலகச் சேமிப்பகத்தில் வைத்துக்கொண்டு நூலகத்தில் விவரத்தை மட்டும் பதியலாம். ஒவ்வொரு பதிவிலும் பக்க எண், எடுத்த தேதி, கணக்கிடும் முறை ஆகியவற்றைக் குறிப்பாகச் சேர்க்கும் பழக்கம் வந்துவிட்டால், 0.4-உம் 5.6-உம் ஒரே அட்டவணையில் எளிதில் சேரா.

நிரல் இரண்டாம் கட்டம். அதன் பயன் வேகம் என்று சொல்லாதீர்கள். வேகம் கொள்கை எழுதுகிறவர்களை ஈர்ப்பதில்லை. மற்றொருவர் அதே படிகளை மீண்டும் நடத்திச் சரிபார்க்கலாம் என்பதே அதன் பயன். பொதுக் கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடும் என்று 2010-இல் அமெரிக்கப் பொருளியலாளர்கள் இருவர் எழுதினார்கள். சிக்கன நடவடிக்கைகளுக்கு ஆதரவாகப் பல நாடுகளில் அது மேற்கோள் காட்டப்பட்டது. 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக முனைவர் பட்ட மாணவர் ஒருவர் அவர்களிடமிருந்தே விரிதாளைப் பெற்றுச் சரிபார்த்தபோது, சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தது தெரிந்தது. சூத்திரப் பிழை மட்டுமே காரணம் அன்று; சில ஆண்டுகளைச் சேர்க்காததும் நாடுகளுக்கு எடை கொடுத்த முறையும் பெரிய பங்கு வகித்தன. அனைத்தையும் சரிசெய்தபோது சராசரி வளர்ச்சி -0.1 விழுக்காட்டிலிருந்து 2.2 விழுக்காட்டுக்கு மாறியது. கணக்கிட்ட படிகள் அனைத்தும் வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தால் இவற்றைக் கண்டறிய மூன்று ஆண்டுகள் ஆகியிருக்காது என்பது என் கருத்து.

ஆனால் நிரலை எழுதும் வேலையைக் குழுவில் அனைவர் மீதும் சுமத்தாதீர்கள். படிக்கத் தெரிந்தால் போதும். எந்த அட்டவணை, எந்த ஆண்டு, எந்த வடிகட்டல் என்பதை நிரலின் ஒவ்வொரு வரிக்கு மேலும் மலாயில் விளக்கமாக எழுதிவையுங்கள்.

சுற்றறிக்கை, செராஸ்:

நண்பர்கள் நயமாக எழுதுகிறீர்கள். ஆனால் இந்த நாட்டில் மேலிடத்து ஆணை இல்லாமல் எதுவும் நகர்வதில்லை என்பது என் அனுபவம். 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களுக்குக் கூகுளின் ஜெமினி வழங்கப்படுகிறது என்று அறிவித்தார்கள். தேசியச் செயற்கை நுண்ணறிவு அலுவலகம் 2024 டிசம்பரில் தொடங்கப்பட்டது. ஒவ்வொருவரையும் கெஞ்சிக்கொண்டிருப்பதைவிட, உங்கள் தலைமை இயக்குநரிடமிருந்து ஒரு சுற்றறிக்கையைப் பெறுவது விரைவான வழி.

சாளரம், பட்டர்வொர்த்:

சுற்றறிக்கை அவர்களுக்கு வணக்கம். பினாங்கில் அலுவலகப் பணியாளர்களுக்குக் கணினிப் பயிற்சி அளிப்பவள் என்ற முறையில் மாறுபடுகிறேன். ஆணை வந்தால் அனைவருக்கும் கணக்கு கிடைக்கும், கடவுச்சொல்லும் கிடைக்கும். வேலை பழைய கோப்பிலேயே நடந்து, கடைசியில் புதிய தளத்தில் ஒரு பிரதி ஏற்றப்படும். ஆணையை நிறைவேற்றியதாகக் கணக்கில் வரும். மாற்ற வரலாற்றில் ஒரே ஒரு பதிவு இருக்கும். இதை நான் பல இடங்களில் பார்த்துவிட்டேன். மக்களின் சமூகப் பொருளாதார விவரங்களைத் திரட்டும் அரசின் பாடு (PADU) தளம் 2024 ஜனவரி 2-ஆம் நாள் திறக்கப்பட்டபோதும், அதன் பயனைப் பற்றிய பேச்சைவிட அதன் பாதுகாப்பையும் அடையாளச் சரிபார்ப்பையும் பற்றிய கேள்விகளே முதல் நாள்களில் மேலோங்கின. நம்பிக்கைக்கான விடை முதலில் தயாராக இருக்க வேண்டும். பழையகோப்பு ஐயா சொன்ன எழுத்துமூலப் பதில் அதைத்தான் தருகிறது.

நிலவேம்பு, பயிற்சியைப் பற்றி என் பட்டறிவைச் சொல்கிறேன். புவானையும் இளையவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்காதீர்கள். பல ஆண்டுகளாகப் பிறர் வரைவைத் திருத்தி வந்தவர், எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தம் கீழ்ப் பணியாளரிடம் எல்லார் முன்னிலையிலும் கேட்க நேர்ந்தால், அந்தக் கருவியை மறுமுறை தொடமாட்டார். அவர் அறையில், அவர் நேரத்தில், அவர் எழுதிக்கொண்டிருக்கும் உண்மையான வரைவை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். சுட்டி அவர் கையில் இருக்கட்டும். நீங்கள் எடுத்துச் செய்து காட்டாதீர்கள். திரையின் மொழியை மலாய்க்கு மாற்றிவையுங்கள். குறிப்பை மலாயில் எழுதிவிட்டுக் கட்டளைகளை ஆங்கிலத்தில் தேடுவது வீண் சிரமம்.

சிவப்பு மையைத் தயவுசெய்து ஒழிக்க நினைக்காதீர்கள். ஓரத்தில் அவர் எழுதும் கேள்விகள்தாம் உங்கள் குழுவின் தரம். கைப்பலகையில் எழுதுகோலால் பிடிஎஃப் மீது சிவப்பிலேயே எழுத முடியும். அது பிடிக்காவிட்டால் தாளிலேயே திருத்தட்டும். நீங்கள் அதை ஸ்கேன் செய்து பகிர்வு ஆவணத்தோடு இணைத்துவிட்டு, ஒவ்வொரு கேள்வியையும் அதற்குரிய வரியில் கருத்தாகப் பதியுங்கள். எந்தக் கேள்விக்கு விடை வந்தது, எது நிற்கிறது என்பதை அவரே திரையில் பார்க்கும்போது, தாளில் கிடைக்காத ஒன்று கிடைத்திருப்பதை உணர்வார். நான் பயிற்றுவித்த மூத்தவர்கள் பலர் மாறியது இந்த இடத்தில்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கருவி நன்றாக அமைந்த பிறகும் தலைவர்கள் அதை வெறுப்பதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. முன்பு கோப்பு அவர்கள் மேசையில் இருந்தது. இப்போது ஓர் எண்ணைப் பார்க்க வேண்டுமானால் இளையவரை அழைக்க வேண்டியிருக்கிறது. அதிகாரம் கை மாறிவிட்டதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதில் உண்மையும் இருக்கிறது. ஆகவே, எந்தக் கட்டத்திலும் உங்கள் உதவி இல்லாமல் புவான் தாமே திறந்து பார்க்கும் நிலை இருக்க வேண்டும். ஒப்புதல் அளிக்கும் உரிமையும் அவரிடமே இருக்க வேண்டும்.

பழையகோப்பு, செந்தூல்:

சாளரம் அம்மா எழுதிய கடைசிப் பத்தியை அப்படியே ஏற்கிறேன். ஜெமினி பற்றி ஒரு வார்த்தை. சுருக்கம் எழுதவும் மொழிபெயர்க்கவும் அது உதவும். ஆனால் அலுவலகக் கணக்கிலிருந்து மட்டும். சொந்தக் கணக்கில் வரைவை ஒட்டுவது, முன்பு நான் சொன்ன சட்டத்தின் வாசலுக்கே நம்மைக் கொண்டுபோய்விடும். அது தரும் எண்ணையும் மூலத்தோடு ஒப்பிடாமல் குறிப்பில் சேர்க்கக் கூடாது. மூலத்தைப் பதியும் பழக்கம் வேரூன்றிய பிறகு அதற்கு வாருங்கள்.

நிலவேம்பு, கோலாலம்பூர்:

அனைவருக்கும் நன்றி. உங்கள் ஆலோசனைப்படி நடந்ததைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தகவல் தொழில்நுட்ப அதிகாரியின் பதில் எழுத்தில் வந்தது. ஸோட்டெரோவை நிறுவலாம், அலுவலகக் கணக்கில் பகிர்வு ஆவணம் வைக்கலாம், வகைப்படுத்தப்பட்ட எதுவும் ஏறக் கூடாது என்று அதில் இருந்தது. அந்தத் தாளோடும் வறுமை விகித அட்டவணையோடும் புவானின் அறைக்குப் போனேன். 0.4-உம் 5.6-உம் அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்ததும், 2020-இல் கோடு மாறியதை அவரே எடுத்துச் சொன்னார். இதை நான் அறிவேன், ஆனால் எனக்குப் பிறகு இந்த மேசைக்கு வருகிறவர் அறிவாரா என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின் நான் வாதாட வேண்டிய தேவையே இருக்கவில்லை. மாவட்டவாரி வறுமை பற்றிய ஒரு குறிப்பைப் புதிய முறையிலும் பழைய முறையிலும் ஒருசேரத் தயாரிப்பது என்று முடிவாயிற்று. எதைத் தொடர்வது என்பதை அவர் தீர்மானிப்பார். திருத்தங்களை இப்போதைக்குத் தாளிலேயே எழுதுகிறார். நான் கருத்துகளாகப் பதிந்து வருகிறேன்.

அவர் கேட்ட ஒன்றுக்கு மட்டும் என்னிடம் விடையில்லை. குழு நூலகம் என் பெயரில் உள்ள கணக்கில் தொடங்கப்பட்டிருக்கிறது. நான் இடம் மாறினால் அது யாரிடம் போகும்?

பழையகோப்பு, செந்தூல்:

இன்றே மாற்றிவிடுங்கள். பிரிவின் பொது மின்னஞ்சலில் ஒரு கணக்கைத் திறந்து, நூலகத்தின் உரிமையை அதற்கு மாற்றுங்கள். நீங்களும் மற்றவர்களும் உறுப்பினர்களாக மட்டும் இருங்கள். கடவுச்சொல்லைப் புவானும் அவருக்கு அடுத்த நிலை அதிகாரியும் வைத்திருக்கட்டும். இடம் மாறுகிறவர் எழுதித் தரும் நோத்தா செரா துகாஸ் (பணி ஒப்படைப்புக் குறிப்பு) படிவத்தில் நூலகம், பகிர்வு ஆவணம் ஆகிய இரண்டையும் தனி வரிகளாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தப் படிவத்தில் இடம் பெற்றதைத்தான் அடுத்து வருகிறவர் கேட்டுப் பெறுவார்.

தரவுத்தறி, பாயான் லெப்பாஸ்:

அதோடு, குறிப்பு இறுதியானதும் ஸோட்டெரோவிலிருந்து மேற்கோள் பட்டியலையும், ஓப்பன்டோசம் அட்டவணையின் பெயரையும் பதிவிறக்கிய தேதியையும் ஒரு தாளில் அச்செடுத்துக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். தளத்தில் தரவு பின்னர் திருத்தப்படலாம். நீங்கள் பயன்படுத்திய சிஎஸ்வி (CSV) தரவுக் கோப்பின் பிரதியையும் அலுவலகச் சேமிப்பகத்தில் அதே குறிப்பு எண்ணின் கீழ் வைத்திருங்கள். மாவட்டவாரி அட்டவணையில் பெயர்களைப் பொருத்தும்போது தீமோர் லாவுட், பாராட் டாயா, செபராங் பிறை உத்தாரா, தெங்கா, செலாத்தான் ஆகியவற்றின் ஆங்கில, மலாய் எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பினாங்கு மாவட்டங்கள் இணையாமல் விடுபட்டால் முதலில் அங்கேதான் தேட வேண்டும்.